ஃபலஸ்தீனில் சமாதானம் வருமா? 1938 முதல் இந்தியாவில் நடந்துவரும் விவாதம்

2025 அக்டோபர் 10ஆம் தேதி காஸாவில் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் வள்ளியூர், ஏர்வாடி, மேலப்பாளையம் என நம் நெல்லை வட்டாரத்தில் ஜும்ஆவுக்குப் பின் கூடிப் பேசுவோரிடம் மூன்று விதமான பேச்சைக் கேட்க முடிகிறது. "இனி மெல்ல மெல்லச் சரியாகிவிடும்" என்பது ஒன்று. "இதற்கு முன்னும் எத்தனையோ ஒப்பந்தம் பார்த்தாயிற்று, எதுவும் நிற்காது" என்பது இரண்டாவது. "கியாமத் நாள்வரை இது தீரப்போவதில்லை, நம்மால் ஆவது ஒன்றுமில்லை" என்பது மூன்றாவது.

மூன்றையும் சொல்பவர்கள் ஃபலஸ்தீன மக்கள் மீது அன்புள்ளவர்கள்தான். ஆனால் வீட்டில் பிள்ளைகள் கேட்கும்போது இந்த மூன்றில் எதைச் சொல்வது? சமாதானம் என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள்? யார் யார் எதை நம்பினார்கள், எதனால் ஏமாந்தார்கள்? நம் நாட்டுக்கும் இந்த விவாதத்தில் பழைய பங்கு உண்டு. அதை வரிசையாகத் தெரிந்துகொண்டால் பிள்ளைகளுக்குத் தெளிவாகப் பதில் சொல்லலாம்.

இரு நாடுகளா, ஒரே நாடா என்ற கேள்வியில் நேர்மையானவர்கள் வேறுபடலாம்; வேறுபட்டும் வந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு தரப்பின் உரிமையை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைத்து எழுதிய எந்த ஏற்பாடும் இதுவரை நிலைக்கவில்லை. இதையே வரலாறு நமக்குத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

1938: காந்திஜியும் இரண்டு யூத அறிஞர்களும்

ஜெர்மனியில் 1938 நவம்பர் 9, 10 தேதிகளில் யூதர்களின் வழிபாட்டுத் தலங்களும் கடைகளும் தீயிடப்பட்டன. இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 26ஆம் தேதி ஹரிஜன் இதழில் காந்திஜி யூதர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். யூதர்கள் படும் துன்பத்துக்காக மனம் வருந்திய அவர், ஃபலஸ்தீன் அங்கே வாழும் அரபு மக்களுக்கே உரியது என்றும் தெளிவாகச் சொன்னார். பிரிட்டிஷ் துப்பாக்கியின் நிழலில் அங்கே குடியேறுவது தவறு, அரபு மக்களின் மனமொப்பிய சம்மதத்தோடுதான் போக வேண்டும் என்பது அவருடைய வாதம். ஜெர்மனியில் இருக்கும் யூதர்கள் சத்தியாகிரகம் செய்ய வேண்டும் என்று அதே கட்டுரையில் அவர் சொன்ன யோசனை பலத்த விமர்சனத்துக்கு ஆளானது.

1939 பிப்ரவரியில் ஜெருசலேமிலிருந்து இருவர் காந்திஜிக்குப் பதில் கடிதம் எழுதினார்கள். ஒருவர் தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர். மற்றவர் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் தலைவர் யூதா மேக்னஸ். அந்த மண்ணோடு யூதர்களுக்கும் பழைய உறவு உண்டு என்பதைக் காந்திஜி கணக்கில் எடுக்கவில்லை என்பது அவர்களின் மனக்குறை. அதே சமயம் அரபு மக்களை வெளியேற்றியோ அடக்கியோ யூத நாடு அமைப்பதை இந்த இருவரும் ஏற்கவில்லை. இரு சமூகத்துக்கும் சம உரிமையுள்ள ஒரே நாடு வேண்டும் என்பதே அவர்கள் நிலை. அதற்காக 1942இல் 'இஹுத்' என்ற அமைப்பையும் தொடங்கினார்கள்.

"யூதர்" என்ற சொல்லையும் "சியோனிச அரசு" என்ற சொல்லையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே உண்டு. இஸ்ரேல் உருவாவதற்கு முன்பே, ஜெருசலேமிலேயே, அதன் ஆபத்தை உணர்ந்து எச்சரித்த யூதர்கள் இருந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

1947: சென்னையில் நீதிபதியாக இருந்தவர் ஜெருசலேமில்

பிரிட்டன் ஃபலஸ்தீன் பிரச்சினையை ஐ.நா.விடம் ஒப்படைத்ததும் 11 நாடுகள் கொண்ட சிறப்புக் குழு 1947இல் அமைக்கப்பட்டது. அதில் இந்தியாவின் பிரதிநிதி சர் அப்துர் ரஹ்மான். அப்போது லாகூர் உயர்நீதிமன்ற நீதிபதி; அதற்கு முன் நம் சென்னை உயர்நீதிமன்றத்திலும் நீதிபதியாக இருந்தவர்.

அந்தக் கோடையில் குழு ஃபலஸ்தீனுக்கே சென்று விசாரித்தது. அரபு உயர் குழு விசாரணையைப் புறக்கணித்தது. மேக்னஸ் நேரில் வந்து, பிரிக்காமல் ஒரே நாடாக வையுங்கள் என்று சாட்சியம் அளித்தார். ஆகஸ்ட் 31ஆம் தேதி குழு தன் அறிக்கையை முடித்தபோது உறுப்பினர்கள் பிளவுபட்டிருந்தார்கள். ஏழு நாடுகள் பிரிவினையை ஆதரித்தன. இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா ஆகிய மூன்றும் மாற்றுத் திட்டம் ஒன்றைக் கொடுத்தன. ஆஸ்திரேலியா எதையும் ஆதரிக்காமல் ஒதுங்கிக்கொண்டது.

இந்தியா சேர்ந்து கொடுத்த மாற்றுத் திட்டம் இதுதான்: ஃபலஸ்தீன் ஒரே கூட்டாட்சி நாடாக இருக்கும். அதற்குள் அரபு மாநிலம் ஒன்று, யூத மாநிலம் ஒன்று. தலைநகர் ஜெருசலேம். எல்லாருக்கும் ஒரே குடியுரிமை. நாடாளுமன்றத்தில் இரண்டு அவைகள். ஒன்றில் மக்கள்தொகைப்படி இடங்கள், மற்றொன்றில் இரு சமூகத்துக்கும் சம இடங்கள். இத்துடன் பிரிவினைக்கு எதிரான தம் வாதங்களை ஒரு தனிக் குறிப்பாகவும் எழுதி அறிக்கையோடு இணைத்தார் அப்துர் ரஹ்மான். அந்த அறிக்கை முடிவதற்கு இரண்டே வாரம் முன்புதான் இந்தியத் துணைக்கண்டம் இரண்டாகப் பிரிந்திருந்தது. லாகூர் நீதிபதியான அவருக்குப் பிரிவினை ஏட்டுச் சங்கதியாக இருந்திருக்க முடியாது.

இந்தத் திட்டத்தை அரபுத் தலைமையும் ஏற்கவில்லை, யூதத் தலைமையும் ஏற்கவில்லை. 1947 நவம்பர் 29ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபை பிரிவினைத் தீர்மானத்தை 33 ஆதரவு, 13 எதிர்ப்பு என்ற கணக்கில் நிறைவேற்றியது. 10 நாடுகள் வாக்களிக்கவில்லை. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினராக இருந்த யூதர்களுக்கு நிலத்தில் பாதிக்கும் அதிகமான பகுதி ஒதுக்கப்பட்டது. அப்போது அவர்கள் விலைகொடுத்து வாங்கி வைத்திருந்த நிலமோ சுமார் 7 சதவீதம்தான்.

1948 முதல் 1988 வரை: 22 சதவீதத்தின் கதை

பிரிவினை சமாதானம் தரும் என்றவர்களின் கணக்கு ஆறே மாதத்தில் பொய்த்தது. 1948 போரில் 7 லட்சத்துக்கும் அதிகமான ஃபலஸ்தீனர்கள் வீடிழந்து அகதிகளானார்கள். 400க்கும் மேற்பட்ட கிராமங்கள் வெறுமையாயின. இதைத்தான் 'நக்பா' (பேரழிவு) என்கிறோம். அகதிகள் திரும்பும் உரிமையைப் பேசும் 194ஆம் தீர்மானத்தை அதே ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி ஐ.நா. நிறைவேற்றியது. இன்றுவரை அது நடைமுறைக்கு வரவில்லை.

1949இல் போர் ஓய்ந்தபோது பழைய ஃபலஸ்தீனில் சுமார் 78 சதவீதம் இஸ்ரேலின் வசம் இருந்தது. மீதி 22 சதவீதமே மேற்குக் கரையும் காஸாவும். 1967 போரில் கிழக்கு ஜெருசலேம் உட்பட அதையும் இஸ்ரேல் பிடித்துக்கொண்டது. மஸ்ஜிதுல் அக்ஸா இருப்பது அந்தக் கிழக்கு ஜெருசலேமில்தான்.

1988 நவம்பர் 15ஆம் தேதி அல்ஜீரியத் தலைநகரில் யாசர் அரஃபாத் ஃபலஸ்தீன நாட்டைப் பிரகடனம் செய்தார். அப்போது ஃபலஸ்தீன விடுதலை இயக்கம் ஏற்றுக்கொண்டது இந்த 22 சதவீத நிலத்தில் மட்டும் அமையும் நாட்டை. "ஃபலஸ்தீனர்கள் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள்" என்ற குற்றச்சாட்டு வரும்போதெல்லாம் இந்தக் கணக்கை நினைவில் வைக்க வேண்டும். அவர்களின் பெரிய விட்டுக்கொடுத்தல் பேச்சுவார்த்தை தொடங்கும் முன்பே நடந்துவிட்டது.

இந்தியா 1950 செப்டம்பரில் இஸ்ரேலை அங்கீகரித்தாலும் தூதரக உறவு வைத்துக்கொள்ளவில்லை. 1974இல் ஃபலஸ்தீன விடுதலை இயக்கத்தை அம்மக்களின் ஒரே சட்டபூர்வப் பிரதிநிதியாக ஏற்றது. 1988 பிரகடனத்துக்குப் பின் மூன்றே நாளில் ஃபலஸ்தீன நாட்டை அங்கீகரித்தது.

1992: சமாதானம் வருகிறது என்ற நம்பிக்கையில்

1991 அக்டோபரில் மாட்ரிட் நகரில் சமாதான மாநாடு கூடியது. அரபு நாடுகளும் ஃபலஸ்தீனர்களும் இஸ்ரேலோடு ஒரே மேசையில் அமர்ந்தார்கள். சோவியத் ஒன்றியமோ உடைந்துகொண்டிருந்தது. சியோனிசத்தை இனவாதம் என்று அறிவித்த 1975ஆம் ஆண்டின் ஐ.நா. தீர்மானத்தை ஆதரித்த இந்தியா, 1991 டிசம்பரில் அதை ரத்து செய்வதற்கும் ஆதரவாக வாக்களித்தது. 1992 ஜனவரியில் அரஃபாத் டெல்லி வந்து சென்றார். சில நாட்களில், ஜனவரி 29ஆம் தேதி, நரசிம்ம ராவ் அரசு இஸ்ரேலோடு முழுத் தூதரக உறவை அறிவித்தது.

இதில் இரண்டு கருத்து இருந்தது. "அரபுகளே பேசும்போது நாம் மட்டும் ஏன் விலகி நிற்க வேண்டும்? இருவரோடும் உறவு இருந்தால்தான் சமாதானத்துக்கு உதவ முடியும்" என்றனர் ஆதரித்தவர்கள். "ஆக்கிரமிப்பு முடியும் முன்பே உறவு கொடுத்துவிட்டால், பிறகு எதைச் சொல்லி அழுத்தம் கொடுப்பீர்கள்?" என்றனர் எதிர்த்தவர்கள். 2020 செப்டம்பரில் அமீரகமும் பஹ்ரைனும் இஸ்ரேலோடு ஆபிரகாம் உடன்படிக்கை செய்தபோதும் இதே வாதப் பிரதிவாதம்தான் எழுந்தது. நம் வட்டாரத்தில் பல குடும்பங்களின் சம்பாத்தியம் அந்த நாடுகளில் இருப்பதால் இது நமக்குத் தூரத்துச் செய்தியாகப் படவில்லை.

ஆஸ்லோ: ஏன் நம்பினார்கள், ஏன் எதிர்த்தார்கள்?

1993 செப்டம்பர் 13ஆம் தேதி வாஷிங்டனில் அரஃபாத்தும் இஸ்ரேல் பிரதமர் இட்சாக் ரபீனும் கைகுலுக்கிய படத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஃபலஸ்தீன விடுதலை இயக்கம் இஸ்ரேலை அங்கீகரித்தது. பதிலுக்கு இஸ்ரேல் அங்கீகரித்தது இயக்கத்தைத்தான். ஃபலஸ்தீன நாட்டை அங்கீகரிக்கவில்லை. ஐந்தாண்டு இடைக்கால ஏற்பாடு. ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லை ஆகிய நான்கும் பிறகு பேசப்படும் என்று எழுதினார்கள். பிரச்சினையின் வேரே அந்த நான்கும்தான்.

ஃபலஸ்தீனர்களிலேயே பலர் அப்போதே எச்சரித்தார்கள். மாட்ரிட்டில் ஃபலஸ்தீனக் குழுவுக்குத் தலைமை தாங்கிய காஸா மருத்துவர் ஹைதர் அப்துஷ் ஷாஃபி, குடியேற்றங்களை நிறுத்தும் நிபந்தனை இல்லாததைச் சுட்டிக்காட்டி எதிர்த்தார். கவிஞர் மஹ்மூத் தர்வேஷ் இயக்கத்தின் செயற்குழுவிலிருந்து விலகினார். அறிஞர் எட்வர்ட் செய்த் இதைச் சரணாகதி என்று எழுதினார். ஹமாஸ் முழுமையாக நிராகரித்தது. மறுபக்கம், பல்லாண்டு நாடுகடந்து வாழ்ந்தவர்கள் சொந்த மண்ணில் கால்வைக்கக் கிடைத்த முதல் வாய்ப்பு இது என்று இலட்சக்கணக்கானோர் கொண்டாடினார்கள். அந்த மகிழ்ச்சியைப் பேதைமை என்று ஒதுக்க நமக்கு உரிமையில்லை.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 1994 பிப்ரவரி 25ஆம் தேதி, ரமளான் மாதத்து ஃபஜ்ர் தொழுகையில், ஹெப்ரோன் இப்ராஹீமி பள்ளிவாசலில் ஒரு யூதத் தீவிரவாதி 29 பேரைச் சுட்டுக் கொன்றான். அதன் பின் இஸ்ரேல் நகரங்களில் ஹமாஸ் பேருந்துக் குண்டுவெடிப்புகளை நடத்தியது. 1995 நவம்பர் 4ஆம் தேதி ரபீனை இன்னொரு யூதத் தீவிரவாதி கொன்றான். 2000 ஜூலையில் கேம்ப் டேவிட் பேச்சுவார்த்தை தோற்றது. "அரஃபாத்தான் மறுத்தார்" என்று அமெரிக்காவும் இஸ்ரேலும் சொல்லின. அமெரிக்கக் குழுவிலேயே இருந்த ராபர்ட் மாலி, தவறு மூன்று தரப்பிலும் இருந்தது என்று மறு ஆண்டே எழுதினார்.

இந்தச் சம்பவங்களுக்கு அடியில் ஓசையில்லாமல் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. ஆஸ்லோ கையெழுத்தானபோது கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக மேற்குக் கரையில் குடியேறியிருந்த இஸ்ரேலியர் சுமார் 1.1 லட்சம். இன்று சுமார் 5 லட்சம். கிழக்கு ஜெருசலேமையும் சேர்த்தால் 7 லட்சம். எந்த நிலத்தைப் பிரித்துக்கொள்வது என்று பேசிக்கொண்டிருந்தார்களோ, அந்த நிலமே பேச்சு நடக்கும்போது கரைந்துகொண்டிருந்தது.

மதகு யார் கையில்?

சமாதானம் என்ற சொல்லை நம் ஊர் விஷயத்தை வைத்து யோசித்துப் பார்க்கலாம். கோதையாறு பாசனத்திலிருந்து ராதாபுரம் கால்வாய்க்குத் தண்ணீர் திறப்பது குமரி, நெல்லை விவசாயிகளிடையே நெடுநாள் விவகாரம். நம் வட்டாரக் குளங்கள் பல அந்தத் தண்ணீரை நம்பியவை. ஆனால் இங்கே இரு தரப்பும் ஒரே அரசிடம் மனு கொடுக்கலாம், ஒரே சட்டமன்றத்தில் பேசலாம், ஒரே நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். அதனால் சச்சரவு சச்சரவாகவே இருக்கிறது, போராக மாறுவதில்லை.

மேற்குக் கரையில் 1995இன் இரண்டாம் ஆஸ்லோ ஒப்பந்தப்படி கூட்டுத் தண்ணீர்க் குழு அமைந்தது. ஃபலஸ்தீனர்கள் தங்கள் பகுதியில் ஒரு கிணறு தோண்டக்கூட அந்தக் குழுவில் இஸ்ரேலின் சம்மதம் வேண்டும். நிலப்பரப்பில் சுமார் 60 சதவீதமான 'சி' பகுதியில் இஸ்ரேல் ராணுவ நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். இரு தரப்புக்கும் பொதுவான நிலத்தடி நீரில் ஃபலஸ்தீனர்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் என்று உலக வங்கி 2009இல் அறிக்கை தந்தது. காஸாவின் நிலத்தடி நீரோ போருக்கு முன்பே 95 சதவீதத்துக்கும் மேல் குடிக்கத் தகாததாகிவிட்டது.

குண்டுச் சத்தம் நின்றுவிட்டால் போர்நிறுத்தம் என்று சொல்லலாம். மதகின் சாவி ஒருவர் கையில் மட்டும் இருக்கும்வரை அதைச் சமாதானம் என்று சொல்ல முடியாது.

2023க்குப் பின்: இந்தியாவின் வாக்குகள்

2023 அக்டோபர் 7ஆம் தேதி ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் பொதுமக்கள். 251 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டு செல்லப்பட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் போரிலும் தடுத்திருக்கிறார்கள். அதை மறைக்காமல் சொல்வது நம் கடமை. அதன் பின் இஸ்ரேல் நடத்திய போரில் காஸாவில் கொல்லப்பட்டோர் எண்ணிக்கை 2025 நவம்பர் இறுதியில் 70,000ஐக் கடந்தது என்கிறது காஸா சுகாதார அமைச்சகம். அங்கே நடந்தது இனப்படுகொலை என்று ஐ.நா. விசாரணை ஆணையம் 2025 செப்டம்பரில் முடிவுக்கு வந்தது. இஸ்ரேல் இதை மறுக்கிறது. தென்னாப்பிரிக்கா தொடுத்த இனப்படுகொலை வழக்கு சர்வதேச நீதிமன்றத்தின் முன் இருக்கிறது.

இந்த இரண்டு ஆண்டில் ஐ.நா. பொதுச்சபையில் இந்தியா எப்படி வாக்களித்தது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்:

• 2023 அக்டோபர் 27 – மனிதாபிமானப் போர்நிறுத்தத் தீர்மானம்: வாக்களிக்காமல் ஒதுங்கியது.
• 2023 டிசம்பர் 12 – உடனடிப் போர்நிறுத்தம் (153 நாடுகள் ஆதரவு): ஆதரித்தது.
• 2024 மே 10 – ஐ.நா.வில் ஃபலஸ்தீனின் உரிமைகளை உயர்த்துதல் (143 நாடுகள் ஆதரவு): ஆதரித்தது.
• 2024 செப்டம்பர் 18 – 12 மாதத்தில் ஆக்கிரமிப்பை முடிக்கக் கோருதல் (124 நாடுகள் ஆதரவு): ஒதுங்கியது.
• 2025 ஜூன் 12 – உடனடிப் போர்நிறுத்தம் (149 நாடுகள் ஆதரவு): ஒதுங்கியது.
• 2025 செப்டம்பர் 12 – இரு நாடுத் தீர்வுக்கான நியூயார்க் பிரகடனம் (142 நாடுகள் ஆதரவு): ஆதரித்தது.

ஃபலஸ்தீன நாடு வேண்டும் என்று கேட்கும்போது இந்தியா கை தூக்குகிறது. ஆக்கிரமிப்பை இத்தனை மாதத்தில் முடி என்று கெடு வைக்கும்போது ஒதுங்குகிறது. இது சமநிலையான ராஜதந்திரம் என்பது அரசின் ஆதரவாளர்கள் கருத்து. 1947இல் ஐ.நா.வில் எதிர்த்து நின்ற துணிவு எங்கே போனது என்பது எதிர்ப்போர் கேள்வி. தமிழ்நாட்டில் இந்தக் குரல் கட்சி கடந்து ஒலித்தது. 2025 அக்டோபர் 8ஆம் தேதி சென்னையில் மார்க்சிஸ்ட் கட்சி நடத்திய ஆர்ப்பாட்டத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டு காஸா மக்களுக்காகப் பேசினார்.

இன்று முன்வைக்கப்படும் நான்கு நிலைப்பாடுகள்

முதலாவது, இரு நாடுகள். 1967 எல்லைப்படி ஃபலஸ்தீன், கிழக்கு ஜெருசலேம் அதன் தலைநகர். 2002இல் பெய்ரூட்டில் அரபு நாடுகள் முன்வைத்த திட்டமும் இதுவே: முழுமையாக வெளியேறு, அகதிகளுக்கு நீதி செய், அரபு நாடுகள் அனைத்தும் உறவு கொள்ளும். 1967 எல்லையில் நாடு அமைவதைத் தேசிய ஒருமித்த சூத்திரமாக ஹமாஸும் 2017இல் அறிவித்தது; ஆனால் இஸ்ரேலை அங்கீகரிக்கவில்லை. இன்று ஐ.நா.வின் 193 நாடுகளில் 150க்கும் அதிகமானவை ஃபலஸ்தீனை அங்கீகரித்துள்ளன; 2025 செப்டம்பரில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் ஆகியவையும் சேர்ந்தன. இதற்கு எதிரான வாதம்: 7 லட்சம் குடியேறிகளை வைத்துக்கொண்டு நாட்டை எங்கே அமைப்பது? இஸ்ரேல் நாடாளுமன்றமும் 2024 ஜூலையில் ஃபலஸ்தீன நாட்டுக்கு எதிராக 68க்கு 9 என்ற வாக்கில் தீர்மானம் போட்டிருக்கிறது.

இரண்டாவது, ஒரே நாடு, எல்லாருக்கும் ஒரே வாக்குரிமை. எட்வர்ட் செய்த் தம் கடைசி ஆண்டுகளில் இதைத்தான் சொன்னார்; இஸ்ரேலிய வரலாற்றாசிரியர் இலான் பாப்பேயும் சொல்கிறார். ஜோர்தான் நதிக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவே இன்று யூதர்களும் ஃபலஸ்தீனர்களும் ஏறத்தாழ சம எண்ணிக்கையில், ஒவ்வொரு தரப்பும் 70 லட்சத்துக்கு மேல், வாழ்கிறார்கள். எதிர்வாதம்: இத்தனை ரத்தம் சிந்திய பின் இருவரும் ஒரே அரசை ஏற்பார்களா?

மூன்றாவது, கூட்டமைப்பு. இரண்டு நாடுகள், திறந்த எல்லை, பொதுவான ஜெருசலேம். ஃபலஸ்தீனர்களும் இஸ்ரேலியரும் சேர்ந்து 2012 முதல் நடத்திவரும் 'எல்லோருக்குமான நிலம்' என்ற இயக்கம் இதை முன்வைக்கிறது. 1947இல் அப்துர் ரஹ்மான் கையெழுத்திட்ட திட்டத்துக்கு உறவுக்காரத் திட்டம் என்று இதைச் சொல்லலாம்.

நான்காவது, தீர்வே வேண்டாம், பிரச்சினையை அப்படியே நிர்வகித்துக்கொண்டிருக்கலாம் என்ற நிலை. நெதன்யாகு அரசுகள் பல ஆண்டு பின்பற்றிய வழி இது. காஸாவை முற்றுகையில் வைத்தால் போதும் என்ற அந்த எண்ணம் 2023 அக்டோபரில் இஸ்ரேலிய மக்களுக்கே பாதுகாப்புத் தரவில்லை.

2025 நவம்பர் 17ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு சபை 2803ஆம் தீர்மானத்தை 13 வாக்குகளோடு நிறைவேற்றியது. ரஷ்யாவும் சீனாவும் ஒதுங்கின. காஸாவுக்குச் சர்வதேசப் படையும் இடைக்கால நிர்வாகமும் வரும் என்கிறது தீர்மானம். சுயநிர்ணயமும் தனி நாடும் நோக்கிய பாதை, ஃபலஸ்தீன ஆணையம் சீர்திருத்தம் செய்து முடித்த பின் அமையக்கூடும் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது. ஃபலஸ்தீன ஆணையம் வரவேற்றது, ஹமாஸ் நிராகரித்தது. "பிறகு பார்க்கலாம்" என்ற ஆஸ்லோவின் வாசனை இதிலும் அடிக்கிறது என்ற அச்சம் ஆதாரமற்றதில்லை.

ஹுதைபிய்யா சொல்வது என்ன?

ஒப்பந்தம் என்றதும் நம் பேச்சில் ஹுதைபிய்யா வந்துவிடும். 1994இல் அரஃபாத்தே ஜோஹன்னஸ்பர்க் பள்ளிவாசலில் ஆஸ்லோவை அதோடு ஒப்பிட்டார். ஹிஜ்ரி 6இல் உம்ரா செய்யாமலே திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையை நபி (ஸல்) அவர்கள் ஏற்றபோது, உமர் (ரலி) போன்ற மூத்த தோழரே கலங்கிக் கேள்வி கேட்டார்கள். ஆக, ஒப்பந்தத்தில் கருத்து வேறுபடுவது ஈமானின் குறை ஆகாது.

ஆனால் ஒப்பிடும்போது இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஹுதைபிய்யாவில் காலம் பத்தாண்டு என்றும், அடுத்த ஆண்டே உம்ரா என்றும் தெளிவாக எழுதப்பட்டது. குறைஷிகளின் நேச அணியினர் குஸாஆ கோத்திரத்தைத் தாக்கியபோது ஒப்பந்தம் முறிந்ததாகவே கொள்ளப்பட்டது. ஆஸ்லோவில் கெடு தாண்டியபோதும், குடியேற்றங்கள் பெருகியபோதும் யாரும் யாரையும் கேட்கவில்லை.

எதிரி சமாதானத்தின் பக்கம் சாய்ந்தால் நாமும் சாய வேண்டும் என்று குர்ஆன் (8:61) வழிகாட்டுகிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவற வைத்துவிடக் கூடாது என்றும் (5:8) எச்சரிக்கிறது. சமாதானத்தை விரும்புவதும் நீதியைக் கேட்பதும் முஸ்லிமுக்கு ஒரே வேலையின் இரண்டு பகுதிகள்.

நம் வீடுகளுக்கு

"கியாமத் வரை தீராது" என்று பிள்ளைகளிடம் சொல்லி முடித்துவிடாதீர்கள். கியாமத் நெருங்கும் நேரத்திலும் கையில் மரக்கன்று இருந்தால் நட்டுவிடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. முஸ்லிம் ஆட்சியில் பல நூற்றாண்டு யூதர்கள் அண்டை வீட்டாராக வாழ்ந்திருக்கிறார்கள். பகை தொடங்கிய ஆண்டுகளும் காரணங்களும் நமக்குத் தெரியும்போது, அது தீராத விதி என்று சொல்ல ஆதாரமில்லை.

"எல்லாம் சரியாகிவிட்டது" என்றும் சொல்லாதீர்கள். வரும் மாதங்களில் செய்தி படிக்கும்போது நான்கு விஷயத்தைப் பாருங்கள்: காஸாவுக்குள் உணவும் மருந்தும் கட்டுமானப் பொருளும் தடையின்றிப் போகிறதா? மேற்குக் கரையில் புதிய குடியேற்றங்களுக்கு அனுமதி கொடுக்கிறார்களா? இடம்பெயர்ந்தோர் தம் ஊருக்குத் திரும்ப முடிகிறதா? ஃபலஸ்தீனர்கள் தம் தலைவர்களைத் தாமே தேர்ந்தெடுக்க வழி பிறக்கிறதா? சமாதானம் வருகிறதா என்பதற்கு, தலைவர்கள் கைகுலுக்கும் படங்களைவிட இவை நம்பத்தக்க அடையாளங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் எல்லாப் படத்தையும் அனுப்பிவிடாதீர்கள். பழைய சிரியாப் படம் ஒன்று காஸா என்று சுற்றினால், உண்மையான காஸாப் படத்தையும் மக்கள் சந்தேகப்படுவார்கள். யூதர்கள் அனைவரையும் இழிவாகப் பேசும் பதிவுகளையும் தவிருங்கள். போரை நிறுத்தக் கோரித் தெருவில் இறங்கிய யூதர்களும் ஏராளம்.

இந்தியாவின் அடுத்த வாக்கு எப்படி இருக்க வேண்டும் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஜமாஅத்துகள் முறைப்படி எழுதலாம். 1947இல் இந்திய அரசு எடுத்த நிலையை அந்தக் கடிதத்தில் நினைவுபடுத்தலாம். நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. சென்னையில் நீதி வழங்கிய ஒருவர் வழியாக இந்த நாடு அன்று உலகத்தின் முன் வைத்த நியாயத்தைத்தான் கேட்கிறோம்.

ஃபலஸ்தீன மக்கள் தம் மண்ணில் அச்சமின்றி வாழவும், பைத்துல் முகத்தஸில் நிம்மதியாகத் தொழவும் வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.